வங்கி எட்டாத இடத்தில் வட்டிக் கடை: தாய்லாந்து, பிலிப்பின்ஸ் தரும் பாடம்

புது தில்லி: 1967-இல் ஆசியான் அமைப்பைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் தாய்லாந்தும் பிலிப்பின்ஸும் அடங்கும். ஆனால், சாமானியருக்கு வங்கிக் கதவைத் திறந்துவிட்டதில் இரு நாடுகளுக்கும் இடையே பெரும் தூரம் உள்ளது. உலக வங்கியின் 2021-ஆம் ஆண்டு ஆய்வின்படி, வயது வந்தோரில் வங்கி அல்லது மின்பணக் கணக்கு வைத்திருப்போர் தாய்லாந்தில் 96 சதவீதம். பிலிப்பின்ஸில் 51 சதவீதம். இந்தியாவில் இது 78 சதவீதம்.

அரசு வங்கிகளின் பங்கு: தாய்லாந்தின் அரசு சேமிப்பு வங்கியின் தொடக்கம் 1913-ஆம் ஆண்டு. விவசாயிகளுக்கென 1966-இல் தனி வங்கி உருவாக்கப்பட்டது. 2001-இல் தக்சின் ஷினவத்ரா அரசு ஒவ்வொரு கிராமத்துக்கும் 10 லட்சம் பாட் சுழல்நிதி வழங்கி, அதை நிர்வகிக்கும் பொறுப்பைக் கிராமக் குழுக்களிடமே விட்டது. குடிமக்கள் அனைவருக்கும் 13 இலக்க அடையாள எண் இருந்ததால், 2017-இல் அறிமுகமான 'பிராம்ப்ட்பே' பணப் பரிமாற்ற முறையும் எளிதில் பரவியது.

தடுத்தவை தீவுகள் மட்டுமல்ல: பிலிப்பின்ஸ் 7,600-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அங்கு ஊரக வங்கிகளுக்கான சட்டம் 1952-லேயே வந்துவிட்டது. எனினும், குறைந்தபட்ச இருப்பும் அடையாள ஆவணங்களும் ஏழைகளுக்குத் தடையாக நின்றன. தேசிய அடையாள அட்டைச் சட்டமே 2018-இல்தான் நிறைவேறியது. அதே ஆண்டில், அதிகபட்சம் 100 பெசோ செலுத்திக் கணக்கு தொடங்கவும், குறைந்தபட்ச இருப்பின்றி அதைத் தொடரவும் அந்நாட்டு மத்திய வங்கி வழிவகுத்தது. பின்னர் கரோனா காலத்தில் செல்பேசிப் பணப்பை வேகமாகப் பரவியது. மத்திய வங்கியின் கணக்கெடுப்பில், மின்பணக் கணக்கு வைத்திருப்போர் 2019-இல் 8 சதவீதம். 2021-இல் 36 சதவீதம்.

'ஐந்துக்கு ஆறு': வங்கி எட்டாத இடத்தை அங்கு நிரப்பியவர்களில் இந்தியர்களும் உண்டு. ஐந்து பெசோ கொடுத்து ஆறாகத் திரும்ப வாங்கும் இந்தக் கடன் தொழிலில், பஞ்சாபிலிருந்து குடியேறியோர் பலர் ஈடுபட்டுள்ளனர். ஆவணம், பிணை எதுவுமின்றி சந்தைக்கே வந்து பணம் தருவதால் சிறு வியாபாரிகள் இவர்களை நாடுகின்றனர். வசூலுக்குச் சென்ற இடத்தில் கொள்ளையரால் கொல்லப்பட்ட இந்தியர்களும் உண்டு. இத்தொழிலை ஒடுக்கப்போவதாக 2017-இல் அன்றைய அதிபர் டுடெர்டே எச்சரித்தார். மாற்றாக, மாதம் அதிகபட்சம் 2.5 சதவீத வட்டியில் அரசுக் கடன் திட்டமும் தொடங்கப்பட்டது. 

கணக்கு மட்டும் போதாது: முன்னணியில் உள்ள தாய்லாந்திலும் கந்துவட்டி ஒழியவில்லை. குடும்பங்களின் கடன் 2021-இல் அந்நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டியது. தனியார் சிறுகடனுக்கு ஆண்டு வட்டி 36 சதவீதம் என உச்சவரம்பு விதித்து, உரிமம் வழங்கும் நிலைக்கு அரசு தள்ளப்பட்டது.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்குகள் 2023 ஆகஸ்டில் 50 கோடியைத் தாண்டின. ஆனால், 2021 உலக வங்கி ஆய்வின்படி, இந்தியாவில் கணக்கு வைத்திருப்போரில் 35 சதவீதம் பேர் ஓராண்டாக அதைப் பயன்படுத்தவே இல்லை. எத்தனை கணக்குகள் என்பதோடு, அவசரத்துக்கு எத்தனை பேருக்கு வங்கியில் கடன் கிடைத்தது என்பதையும் நாடாளுமன்றம் கேட்க வேண்டும்.