பூமிக்குள் ஒரு பெயர்ப் பலகை

இராமேசுவர யாத்திரை சென்று வந்த நேயர்கள் ஆலயத்தினுள் இருக்கும் 22 தீர்த்தங்களை மறந்திருக்க மாட்டார்கள். சுற்றிலும் உப்புக் கடல். நடுவே நன்னீர் ஊற்றுகள். நம் முன்னோர் அவற்றைக் கண்டறிந்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் சூட்டினார்கள். ஆகையால் யாத்ரீகன் இன்றும் வரிசை தப்பாமல் நீராடி வருகிறான்.

நாம் பூமிக்குள் வைப்பவற்றுக்கு இந்தப் பாக்கியம் உண்டா? 'தண்ணியில்லாக் காடு' என்று உத்தியோகஸ்தர்கள் மாற்றலுக்கு அஞ்சிய இராமநாதபுரம் ஜில்லாவுக்குத் திருச்சிப் பக்கத்துக் காவிரி ஜலம் இன்று குழாய் வழியே வருகிறது. பூமிக்கடியில் மின்சாரக் கம்பி, செய்தி சுமக்கும் கண்ணாடி இழை, வழுதூர்ப் பக்கத்தில் எரிவாயுக் குழாய் ஆகியவையும் உண்டு. எது எங்கே என்றறியாமல் ஒருவன் தோண்டினால், காவிரி சாலையோரச் சேறாகிறது. தெருக்கோடியில் குடங்கள் காத்துக் கிடக்கின்றன.

இத்தகைய கண்மூடித் தோண்டலால் தேசத்துக்கு வருஷந்தோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. தோண்டுகிறவர் முன்கூட்டியே குழாய்க்கு உடையவரிடம் கேட்டுக்கொள்ள, 2023 மார்ச் 22-ல் 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் கைப்பேசிச் செயலியைப் பிரதம மந்திரி தொடங்கி வைத்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உடையவருக்கே இடம் மறந்திருந்தால்? பனைமரத்தையும் மைல் கல்லையும் அடையாளம் வைப்பது இக்கரையில் செல்லாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டதல்லவா?

இதற்குத்தான் கம்பியில்லா அடையாள உருண்டை வந்திருக்கிறது. சாத்துக்குடியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பந்து; உள்ளே தாமிரச் சுருள்; பாட்டரி இல்லை. குழாய் பதிக்கும்போதே அதன்மேல் இதனையும் புதைத்துவிட வேண்டும். பிற்காலத்தில் ஒருவர் கருவியுடன் மேலே நடந்தால், கருவி வீசும் ரேடியோ அலை பட்டு, அடித்த கோயில் மணி ரீங்கரிப்பதுபோல் உருண்டை பதில் கொடுக்கும். தண்ணீர்க் குழாயின் உருண்டை வினாடிக்கு 1,45,700 அதிர்வில் பேசும்; டெலிபோனுடையது 1,01,400; எரிவாயுவினுடையது 83,000. சுமார் ஐந்தடி ஆழம் வரை கேட்கும். சிலவற்றிலுள்ள சிறு சில்லு, தன் எண்ணையும் உடையவர் பெயரையும் சொல்லும்.

இரும்புக் குழாயை வேறு கருவிகளாலும் தேடலாம். பிளாஸ்டிக் குழாயும் கண்ணாடி இழையும் அவற்றுக்கு அகப்படா. பூமியை ஊடுருவும் ராடாரோ உப்பு ஊறிய ஈர மண்ணில் வலுவிழக்கிறது. உருண்டை பேசும் தாழ்ந்த அதிர்வு அலைக்கு அவ்வளவு சிரமமில்லை.

ஒரு குறை: முன்பே புதைத்த குழாய்க்கு இது தானாக வந்து சேராது. ஆனால் பழுது பார்க்கவென்று பள்ளம் எப்படியும் திறக்கப்படுகிறது. அப்போது உருண்டை ஒன்றை வைத்துவிட்டு மூடுவதற்குப் பெரும் திட்டம் வேண்டாம்; வழக்கம் வேண்டும். பள்ளத்தை மூடுமுன் அதை வைத்தாயிற்றா என்று நகரசபையைக் கேட்கும் உரிமை வரி செலுத்தும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

முன்னோர் ஊற்றுக்குப் பெயர் வைத்துச் சென்றார்கள். அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த காவிரியை நாம் பெயரில்லாமல் புதைக்கலாமா?