புதிய வீடு யார் பெயரில்?

மட்டக்களப்பில் வீடு பெண்ணின் சொத்து. மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் தனது வீட்டையும் வளவையும் அவள் பெயரில் எழுதிக் கொடுப்பாள். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இவ்வழமை உண்டு. கணவனுடன் பிணக்கு வந்தாலும் அவள் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி, கடலுக்கும் வாவிக்கும் நடுவேயிருந்த நாவலடியை அழித்தது. அங்கிருந்த பல குடும்பங்கள் திராய்மடுவில் குடியேற்றப்பட்டன. சுனாமிக்குப் பின் அரச காணிகளில் வீடுகள் வழங்கப்பட்டபோது, ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்பட்டது. சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனது. மாற்று வீட்டின் உரிமையோ ஒரு படிவத்தால் பறிபோனது. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன.

பின்னர் போரால் பாதிக்கப்பட்டோருக்கு இந்திய வீடமைப்புத் திட்டம் வந்தது. 2012இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வீட்டுக்கு 5,50,000 ரூபாய், வேலை முடிய முடியக் கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல், மண், சீமெந்து ஏற்றி இறக்குவதும், மேசனுடன் பேசுவதும், பிள்ளைகளைப் பார்ப்பதும் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தால்? ஒரு கட்டம் முடியாமல் அடுத்த கொடுப்பனவு இல்லை. கையில் காசில்லாதவள் நகையை அடகு வைக்க வேண்டும், அல்லது வட்டிக்கு வாங்க வேண்டும். கூரை ஏறும்போது கடனும் ஏறும்.

காணிச் சட்டமும் நமக்கு எதிராகவே இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது மகளை விட மகனுக்கே முன்னிடம். 2022இல்தான் இப்பாகுபாடு திருத்தப்பட்டது.

ஆகவே சகோதரிகளே, இனி ஒரு வீட்டுத் திட்டம் கிராமத்துக்கு வந்தால் ‘எத்தனை வீடு?’ என்பதோடு நின்றுவிடாமல் இவற்றையும் கேளுங்கள்:

• அனுமதிப்பத்திரம் யார் பெயரில்?

• தனித்து வாழும் பெண்ணுக்குக் கட்டட வேலையில் என்ன உதவி?

• தரும் காசில் வீடு முழுமையாக முடியுமா?

• கிணறு, மலசலகூடம், பாடசாலை, தொழில் செய்யும் இடம் எவ்வளவு தூரம்?

• மாரியில் வாவி பெருகினால் வெள்ளம் ஏறுமா?

• பயனாளிகள் எந்த அடிப்படையில் தெரிவாகினர்?

பிரதேச செயலகத்திடம் இவற்றை எழுத்தில் கேட்க, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு இடமளிக்கிறது. தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தனியே போகத் தயக்கமென்றால் மாதர் சங்கமாகச் சேர்ந்து போங்கள். கையொப்பமிடும் முன் பத்திரத்தை வாசியுங்கள். வாசிக்க இயலாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

நம் தாய்மார் மகளுக்கென்று வீடு வைத்தார்கள். நம் மகள்மாருக்கும் அது கிடைக்க வேண்டும்.