பாவித்த பொருளை விற்கப் படம் எடுக்கும்போது

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் அந்த வீட்டுக்கு அவசரமாகக் காசு தேவைப்படுகிறது என்று அர்த்தம். 2009க்குப் பிறகு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தையல் இயந்திரமும் தண்ணீர்ப் பம்பியும் சைக்கிளும் கூட, கடன் தவணை கட்டுவதற்காக முகநூலிலும் இக்மன் தளத்திலும் விலைக்கு வருகின்றன. இருட்டில் எடுத்த ஒற்றைப் படம் அந்த அவசரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தரகர்கள் அதைப் பார்த்துத்தான் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். அயலவர்களுக்கு விளம்பரம் போட்டுக்கொடுத்து வருவதில் நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கைத்தொலைபேசியின் கமரா வில்லையைப் பருத்தித் துணியால் துடையுங்கள். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்குத்தான் பல படங்களை மங்கலாக்குகிறது. வீட்டுக்குள் மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்தால் பொருளின் நிறம் மாறித் தெரியும். பிளாஷ் போட்டால் பளபளப்பான இடம் வெளிறிப்போகும். நடுப்பகல் வெயிலும் சரிவராது. காலையிலோ மாலையிலோ, விறாந்தை நிழலில், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று எடுங்கள். பின்னால் பூப்போடாத வெளிர்நிறச் சீலையொன்றைக் கட்டினால் போதும்.

தையல் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நின்றபடி மேலிருந்து எடுக்காமல், அதன் உயரத்துக்குக் குனிந்து, முழு உருவமும் தெரிய ஒரு படம். பிறகு இரண்டு பக்கமும், கால்மிதியும், பெல்ட்டும். பழைய சிங்கர் என்றால் உடலில் பொறித்திருக்கும் தொடரிலக்கத்தைக் கிட்டவாக எடுங்கள். எந்த ஆண்டில் செய்தது என்பதை அதை வைத்து அறியலாம். கடைசியாக, ஒரு துண்டுத் துணியைத் தைத்து, அதை ஊசிக்குக் கீழே வைத்தபடியே தையல் தெரிய ஒரு படம். ‘வேலை செய்யுமோ?’ என்று கேட்டு வரும் அழைப்புகள் இதனால் நன்றாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

பழுதை மறைக்க வேண்டாம். துரு, வெடிப்பு, கழன்ற பலகை எதுவானாலும், பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியொன்றை வைத்து அளவு தெரிய எடுங்கள். வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர் உங்கள் முற்றத்தில் நின்று அந்தப் பழுதைக் கண்டால், சொன்ன விலையில் நிற்க மாட்டார்.

படத்தில் வரக்கூடாதவையும் உண்டு. சுவரில் மாலையோடு இருக்கும் படம், காணாமல் ஆக்கப்பட்டவரின் படம், பிள்ளையின் பள்ளிச் சீருடை, படலை, வீட்டு இலக்கம். இவை எல்லாம் சேர்ந்து அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லிவிடும். பெண் ஒருவர் தனியே நடத்தும் வீடென்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். கமரா அமைப்பில் இடத்தைப் பதியும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். கையில் தூக்கக்கூடிய பொருளென்றால் சந்திக் கடையடியில் வைத்துக் கொடுக்கலாம். பாரமான பொருளைப் பார்க்க ஆள் வீட்டுக்கு வரும்போது அயலவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

முற்பணம் போடுவதாகச் சொல்பவருக்கு வங்கிக் கணக்கு இலக்கமும் பெயரும் கிளையும் போதும். அட்டையின் படத்தையோ தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள்.