காய்ச்சினாலும் போகாத நஞ்சு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள மலை. கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலைத் தோட்டங்களைக் காணலாம். அங்குக் கொழுந்து பறிக்கத் தமிழகத்திலிருந்து குடியேறியோர் பலர். இம்மலையில் பெய்யும் மழை கல்லாற்றின் வழியே வாமனபுரம் ஆற்றை அடைந்து, கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிநீராகிறது. மேலே மண்ணில் தெளிக்கப்படுவது கீழே குடத்திற்குள் வந்து சேரக்கூடும் என்பதை இவ்வாற்றின் போக்கே உணர்த்தும்.

பூச்சிக்கொல்லியை நம் உழவர்கள் 'மருந்து' என்பர். பயிருக்கு மருந்து, நமக்கோ நஞ்சு. சில பூச்சிக்கொல்லிகள் நீரில் கரையும். சில மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். சிறுமழையில் புல்லும் வேரும் மண்ணைப் பிடித்து வைக்கும். பெருமழையிலோ மண்ணே பெயர்ந்து ஓடுகிறது. அதனுடன் நஞ்சும் ஓடுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய கிடங்குகளிலிருந்தும் வீட்டு மூலையில் வைத்த புட்டிகளிலிருந்தும் அது நேரடியாகவே நீரில் கலக்கலாம்.

2018 ஆகஸ்டில் கேரளத்தைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீர் வடிந்தபின் ஊர்தோறும் கிணறுகளை இறைத்து வெளுப்புத்தூள் இட்டனர். எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற நோய்களைத் தடுக்க அது தேவையான பணி. ஆயினும் வெளுப்புத்தூளும் கொதிநீரும் கிருமிகளையே கொல்லும். பூச்சிக்கொல்லி உயிருள்ளதன்று, அதனைக் கொல்ல இயலாது. நீரைக் காய்ச்சும்போது ஆவி வெளியேற, பெரும்பாலான நஞ்சுகள் தங்கி, மிஞ்சிய நீரில் சற்றுச் செறிவாகவும் ஆகிவிடும்! தெளிந்த நீர் தூய நீர் என்றும் கொள்ள முடியாது.

வெள்ளம் வராமலேயே இத்துன்பம் நேர்ந்த இடம் காசர்கோடு. அங்கு மலைமேல் இருந்த அரசுத் துறை முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக, 2000 வரை, எண்டோசல்பான் ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. அடிவார மக்கள் ஓடைநீரையும், குன்றைக் குடைந்து நீரெடுக்கும் சுரங்கங்களையும் நம்பி வாழ்ந்தவர்கள். பல வீடுகளில் குழந்தைகள் உடற்குறையுடன் பிறந்தனர். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தடை செய்தது.

ஆதலால் வெள்ளத்திற்குப் பின் கிணற்றில் மருந்து நெடியோ எண்ணெய்ப் படலமோ தென்பட்டால், அருகில் கிடங்கு மூழ்கியிருந்தால், ஆய்வகச் சோதனை முடியும்வரை அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. மழைக்காலம் தொடங்குமுன்பே மருந்துப் புட்டிகளை வெள்ளம் எட்டாத உயரத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். காலியான புட்டி எத்தனை முறை கழுவப்பட்டாலும் குடிநீருக்கு ஆகாது.