கொல்லிமலையில் காணத் தவறும் காட்சிகள்

கொல்லிமலைக்குச் சென்று மீண்ட அன்பர் எவரையேனும், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் 70 கொண்டையூசி வளைவுகள், அறப்பளீசுவரர் திருக்கோயில், ஆயிரம் படிக்கு மேல் இறங்கிக் காணும் ஆகாய கங்கை அருவி, செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலை. இவற்றைக் கண்டுவிட்டு, பொழுது சாயுமுன் மலையிறங்கிவிடுவர். இவை யாவும் காணத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இம்மலையின் பழமை கோயிலோடும் சிலையோடும் நின்றுவிடவில்லை. அது இன்றும் வயல்களில் விதைக்கப்படுகிறது, தொம்பைகளில் சேமிக்கப்படுகிறது, சந்தையில் விலை பேசப்படுகிறது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலரே.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. வன்பரணர் அவனுடைய வில்லாற்றலையும் கொடையையும் பாடினார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியும் சங்க நூல்களில் உண்டு. காண்போரை மயக்கும் கொல்லிப்பாவையைப் பற்றிய கதையைப் பலரும் அறிவர். அதே நூல்கள் கொல்லிமலையின் பலாவையும் சிறப்பிக்கின்றன என்பதை நினைவிற் கொள்வோர் குறைவு. ஓரியும் போய்விட்டான், காரியும் போய்விட்டான், பலா மட்டும் போகவில்லை. பருவ காலத்தில் சோளக்காட்டுச் சந்தைக்குச் சென்றால், பலாவும் வாழைத்தாரும் அன்னாசியும் மிளகும் வந்து குவிவதைக் காணலாம். ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியை நேரிற் காண விரும்புவோர்க்கு அச்சந்தையே ஒரு காட்சிச்சாலை.

வயலே காட்சிச்சாலை

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இம்மலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, தின்னனூர்நாடு என்றவாறு மலை முழுவதும் நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பழைய அமைப்பின் பெயர்களே இன்றைய ஊராட்சிகளுக்கும் வழங்குகின்றன.

இந்நாடுகளின் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை தொன்றுதொட்டு விளைந்தன. சாமை என்று நாம் ஒரே பெயரால் குறிப்பதை அம்மக்கள் அவ்வாறு விட்டுவிடுவதில்லை. வெள்ளைப்பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை என்று தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கின்றனர். தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை எனப் பல வகைகள் உண்டு. ஒன்று விரைவில் முதிரும். மற்றொன்று காலந்தாழ்த்து முதிரும். ஒன்றுக்கு வளமான மண் வேண்டும். மற்றொன்று கல்லாங்காட்டிலும் பிழைத்துக்கொள்ளும். மழை எவ்வாறு பெய்தாலும் வீட்டில் உலை பொங்க வேண்டும் என்று கருதிய முன்னோர், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து சேர்த்த செல்வம் இது.

1970களுக்குப் பின்னர் இந்நிலை மாறலாயிற்று. சேலம், நாமக்கல் வட்டாரங்களின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளிக் கிழங்கு மலைச்சரிவுகளிலும் பரவியது. கையில் ரொக்கம் கிடைத்தது. நியாயவிலைக் கடையில் அரிசியும் கிடைத்தது. சாமைக்கோ உமி கடினம். அதை உரலிலிட்டுக் குற்றும் பாடு முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. ஆகவே உழவர் சாமையைக் கைவிட்டதற்காக அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால், கிழங்கையே ஆண்டுதோறும் பயிரிட்டால் சரிவு நிலத்தின் மண் கரைந்து, வளம் குன்றும் என்பதையும் அவர்களே அனுபவத்தில் கண்டனர்.

1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மக்களோடு சேர்ந்து இத்துறையில் உழைத்து வந்திருக்கிறது. ஊர்தோறும் விதை வங்கிகள் தோன்றின. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்து உலக்கையின் சுமையைக் குறைத்தன. மகளிர் குழுக்கள் சாமை அரிசியையும் மாவு வகைகளையும் பொட்டலமிட்டு விற்கக் கற்றன. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் பேசியவற்றுள் பலவற்றை இம்மலையின் பெண்கள் முன்னரே செய்துகொண்டிருந்தனர்.

கோயிலுக்கும் விதைக்கும் உள்ள வேற்றுமை

அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அப்பரும் சம்பந்தரும் தம் பாடல்களில் அறப்பள்ளியைக் குறிப்பிட்டுள்ளனர். பத்தாண்டுகள் ஒருவரும் எட்டிப் பாராவிடினும் கல் அவ்விடத்திலேயே இருக்கும். விதை அவ்வாறன்று. பத்தாண்டுகள் விதையாமல் தொம்பையிற் கிடக்கும் சாமை முளைப்புத் திறனை இழந்துவிடும். அதனோடு அதன் பெயரும் அற்றுப்போகும். விதைப்பவர் இருக்கும்வரைதான் விதை; வாங்குபவர் இருக்கும்வரைதான் விதைப்பவர். ஆதலின் இங்கே பார்வையாளர் வெறும் பார்வையாளர் அல்லர்; அவர் எதை வாங்கி இறங்குகிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டில் அக்காட்சி இருக்கும், அல்லது இராது.

நாம் செய்யக்கூடியவை

மலைவாழ் மக்களுக்கெனப் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்க வேண்டுமென 1971இல் பாவா குழு பரிந்துரைத்தது. உழவர்க்குக் கடனும் இடுபொருளும் தந்து, விளைபொருளையும் தாமே ஏற்று விற்பது இச்சங்கங்களின் நோக்கம். இடைத்தரகரின்றி நியாய விலை கிடைக்க இதுவே நேர்வழி. நெசவாளர் இதை நன்குணர்வர். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபின், கிராமத்துத் தறியில் நெய்த துணி பட்டணத்துக் கடைவீதியில் தன் பெயரோடு விற்பனைக்கு நின்றது. மலைத் தானியத்துக்கும் அத்தகைய வாயில் தேவை. இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் உள்ள நெசவாளர் சங்கங்கள் தம் விற்பனை நிலையத்தில் ஓர் அலமாரியைச் சாமைக்கும் மிளகுக்கும் ஒதுக்கலாம்; மலைமீதுள்ள சங்கங்கள் கைத்தறித் துண்டுக்கும் போர்வைக்கும் இடம் தரலாம்.

கணக்குப் பார்ப்பது என் தொழிலாதலால் ஒரு சிறு கணக்கும் கூறுகிறேன். ஒரு சங்கத்தின் அங்கத்தினர் ஐம்பது பேர் மலைக்குச் செல்கின்றனர். ஆளுக்கு இரண்டு கிலோ சாமை அரிசி வாங்குகின்றனர் என்று கொள்வோம். ஒரே நாளில் நூறு கிலோ விற்றுத் தீர்ந்துவிடும். நூறு சங்கங்கள் சென்றால் பத்தாயிரம் கிலோ. அவ்வளவையும் விளைவிக்க வேண்டுமெனில் எத்தனை சரிவுகளில் மீண்டும் சாமை ஏறவேண்டும் என்பதை உழவரான அங்கத்தினர் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆடி மாதத்தில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்குப் பலர் செல்கின்றனர். அப்போது பலாப்பருவமும் இருக்கும். வயலில் சாமைப் பயிரும் பசுமையாக நிற்கும். அருவியைக் கண்டபின் ஓர் அரைநாளைச் சந்தைக்கும் விதை வங்கிக்கும் ஒதுக்குங்கள். உரியவரைக் கேளாமல் வயலில் இறங்கவேண்டா. மூலிகை எதையும் பிடுங்கவேண்டா. பெரியவர் எவரேனும் ஓய்வாக இருந்தால், சாமை எத்தனை வகை என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பெயராக அவர் சொல்லி வருவதைக் கேட்டபின் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.