பனங்கிழங்கு மாவு

திசையன்விளை, உடன்குடித் தேரிப் பகுதிகளில் பனையே மக்களுக்குத் துணை. பழத்தை உண்டபின் கொட்டையை எறிந்துவிடலாகாது. ஆவணி, புரட்டாசியில் கொட்டைகளை மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி, மண் மூடி, ஈரம் காத்தால் கிழங்கு திரளும். விதையிலுள்ள சத்தே அதில் மாச்சத்தாகச் சேர்கிறது. இலை விரியுமுன், தை மாதத்தையொட்டிக் கிழங்கை அகழ்தல் வேண்டும்; தாமதித்தால் நார் முற்றிவிடும்.

பொங்கலுக்கு அவித்து உண்டது போக எஞ்சிய கிழங்கை என் செய்வது? அவித்து, தோல் நீக்கி, நறுக்கி, வெயிலில் உலர்த்தி இடித்து மாவாக்கலாம். இவ்வாறு உலர்த்தியதை யாழ்ப்பாணத்தார் புழுக்கொடியல் என்பர். அவிக்காமல் உலர்த்தியது ஒடியல். ஒடியல் மாவில் கசப்பு உண்டு. ஆதலால் அதனை நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்து, நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். கொதிநீரில் மாச்சத்துத் துகள்கள் பருத்துக் குழைவதாலேயே ஒடியற் கூழ் கெட்டிப்படுகிறது. இம்மாவில் பிட்டும் அவிக்கலாம்.

கொட்டைகள் அனைத்தையும் கிழங்கிற்கே இட்டால் நாளை மரம் இராது. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் விதித்தது. ஊராட்சி உறுப்பினர்கள் கொட்டைகளில் ஒரு பகுதியைக் குளக்கரைகளில் ஊன்றச் செய்து, எஞ்சியதைக் கிழங்குப் பாத்திக்கு அளிப்பார்களாக.