ஷிப்ட் கூலியும் ஊரடங்கும்: திருப்பூர் பனியன் தொழிலாளர் நிலை

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் பெரும்பாலோரின் ஊதியம் மாதக் கணக்கில் அல்லாமல் 'ஷிப்ட்' கணக்கில் எண்ணப்படுகிறது. எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட், இரவு வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட், உருப்படிக் கணக்கில் தைப்போருக்கு 'பீஸ் ரேட்', எல்லோருக்கும் வாரக் கடைசியில் பட்டுவாடா என்பது அந்நகரின் நெடுநாள் வழக்கம். வேலை மலிந்த காலத்தில் ஒரு கம்பெனியை விட்டு மறுவாரமே இன்னொன்றில் சேரும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்த இதே முறைதான், 2020 மார்ச் 24 நள்ளிரவில் கொரோனா தொற்றால் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது, தமக்கு முதலாளி யார் என்று காட்ட ஒரு தாள்கூட இல்லாத நிலையில் பலரை நிறுத்தியது.

நெருக்கடியின் வேர் கடல் கடந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டதால் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்தன, தள்ளிவைத்தன, அனுப்பிய சரக்குக்கும் விலைக் குறைப்புக் கேட்டன. ஏற்றுமதியாளரோ நூலைக் கடனில் வாங்கி, சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் தவணை சொல்லி, சரக்கு கப்பலேறிப் பல வாரம் கழித்தே பணத்தைக் காண்பவர். வட்டியையும் வாடகையையும் நிறுத்த முடியாத அவரால் மறுநாளே நிறுத்த முடிந்த செலவு கூலி ஒன்றுதான். பெரிய கம்பெனிகளிடம் 'ஜாப் ஒர்க்', அதாவது துணியைப் பெற்றுத் தைத்துக் கொடுக்கும் வேலை, எடுக்கும் சிறு யூனிட்டுகளை இந்த அடி இன்னும் கடுமையாகத் தாக்கியது.

ஊரடங்குக் காலக் கூலியைப் பிடித்தமின்றித் தர வேண்டும் என்று மத்திய உள்துறை மார்ச் 29-இல் பிறப்பித்த ஆணை மே 18 முதல் விலக்கப்பட்டது. தைத்தால்தான் கூலி என்றிருப்பவருக்குத் தைக்காத நாளின் கூலி எவ்வளவு என்ற கேள்வி அந்த ஆணையை எழுதியவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் வேலையிழந்தோருக்கான உதவி சராசரிக் கூலியில் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக, 90 நாள் வரை, உயர்த்தப்பட்டது. வருங்கால வைப்புநிதியிலிருந்து முன்பணம் எடுக்கவும் வழி செய்யப்பட்டது. ஆனால் பொதுவாக முன்னதற்குப் பத்துப் பேரும் பின்னதற்கு இருபது பேரும் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும், பதிவு எண்ணும் வேண்டும் என்பதால், அவை மிகவும் தேவைப்பட்டவர்களில் பலருக்கே எட்டவில்லை.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பாடு தனி. புலம்பெயர் தொழிலாளரை அழைத்துவரும் ஒப்பந்தக்காரர் அவர்களைப் பதிய வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே கூறினாலும் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. குடும்ப அட்டை சொந்த ஊரில் கிடக்க, திருப்பூர் ரேஷன் கடையில் அதற்கு மதிப்பில்லை. எந்த மாநில அட்டையும் செல்லும் திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள், மே மாதம் தொடங்கிய சிறப்பு ரயில்களில் ஏராளமானோர் ஊர் திரும்பிவிட்டனர்.

கம்பெனிகள் திறந்ததும் முகக்கவசமும் மருத்துவப் பாதுகாப்பு உடையும் தைக்கும் வேலை சிறிது கைகொடுத்தது. பவர் டேபிள் எனப்படும் தையல் இயந்திர வரிசையில் தோளோடு தோள் அமர்ந்திருந்தவர்களை இடைவெளி விட்டு அமர்த்த வேண்டியிருந்ததால் இருக்கைகள் குறைந்தன. ஆட்கள் குறைந்த இடங்களில் எஞ்சியோருக்கு வேலைப் பளு கூடியது. சுற்றுக் கிராமப் பெண்களுக்கோ, ஜூலையிலும் ஆகஸ்டிலும் பேருந்து ஓடாததாலும் பள்ளி மூடியிருந்ததாலும், கம்பெனி திறந்தும் வேலைக்குப் போக வழியில்லை. வங்கிக் கடன் தவணைகளுக்கு ஆகஸ்ட் வரை தரப்பட்ட அவகாசத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது என்பது பலருக்குப் பின்னர்தான் புரிந்தது.

2021-இல் ஆர்டர்கள் திரும்பியபோது இரண்டாம் அலையும் நூல் விலையேற்றமும் உடன் வந்தன. இதற்கிடையே, தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் 2016-இல் செய்துகொண்ட நான்காண்டுக் கூலி ஒப்பந்தம் தொற்று பரவத் தொடங்கிய அதே நேரத்தில் காலாவதியாகி, 2021-இல்தான் புதுப்பிக்கப்பட்டது. விலைவாசி ஏறிய அந்த இடைக்காலத்திலும் ஷிப்ட் கூலிக்கு அடிப்படையாக இருந்தது பழைய விகிதமே.